நொய்யல் டயாட்டம்: ஸ்லைடில் ஓடே தெரியல, மேல் ஆத்துக்குக் கீழ் ஆத்தை விட மோசமான மார்க் வருது

சாவடிப்பாலம் கேட்டது

வணக்கமுங்க. நொய்யல் ஆத்துல மூணு எடத்துல டயாட்டம் பாசி (சிலிக்கா ஓடு கட்டி வாழற ஒத்தை செல் பாசி) எடுத்துத் தண்ணியோட தரம் பாக்கறோம். சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேல ஒண்ணு, சூலூர்ப் பக்கம் ஒண்ணு, திருப்பூர் தாண்டி ஒரத்துப்பாளையம் அணைக்கு முன்னால ஒண்ணு.

செஞ்ச முறை: கல்லைப் பல் பிரஷ்ல தேய்ச்சு எடுத்த சேறு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு மணி நேரம் கொதி, போர் தண்ணியில மூணு அலசல் (ரெண்டு மணி நேரம் தெளிய விட்டு மேல் தண்ணியக் கொட்டறது), கவர் கிளாஸ்ல காய வெச்சு டிபிஎக்ஸ் (ஸ்லைடு ஒட்டற பிசின்) போட்டு மூடினது. பாத்தது 40 லென்சுல.

முதல் சிக்கல், ஓடு இருக்கற மாதிரி நிழல் தெரியுது, கோடு எதுவும் தெரியல. ரெண்டாவது, கீழ் ஆத்து ஸ்லைடு பூரா ஊசி ஊசியா, கட்டம் கட்டமாப் படிகம். மூணாவது, திருப்பூர் பக்கம் கல்லே இல்லை. சேறு, பிளாஸ்டிக், காங்கிரீட் சுவர்தான். சேத்தையே எடுத்தா ஆகாதா?

நாலாவதுதான் பெரிய குழப்பம். கொதிக்க வெக்காத பச்சை மாதிரியில பேரினம் பாத்து பால்மர் மார்க் போட்டோம் (எந்தப் பாசிப் பேரினம் இருக்குதோ அதுக்கு மார்க், கூட்டல் ஏறினா அழுக்கு அதிகம்). மேல் ஆத்துல நாவிகுலா 3, நிட்சியா 3, சினெட்ரா 2, கோம்போனீமா 1, மெலோசைரா 1, ஆசில்லடோரியா 5, மொத்தம் 15. கீழ் ஆத்துல நாவிகுலா 3, நிட்சியா 3, சைக்ளோடெல்லா 1, கோம்போனீமா 1, ஆசில்லடோரியா 5, மொத்தம் 13. கணக்குப்படி வெள்ளியங்கிரி அடிவாரத் தண்ணி சாயத்தண்ணிய விட அழுக்கு! எங்க தப்புங்க?

கண்ணாடித்துண்டு

முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். எண்ணிக்கைக் கணக்குக்கு வேறு ஆள் வருவார்.

ஓடு தெரியாததற்குக் காரணம் டிபிஎக்ஸ். டயாட்டம் ஓடு சிலிக்கா. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.43 முதல் 1.46 வரை. டிபிஎக்ஸும் கனடா பால்சமும் 1.52 பக்கத்தில். வித்தியாசம் இத்தனை குறைவாக இருந்தால், தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடி மாதிரி ஓடு மறைந்துபோகும். இதற்கென்றே இருப்பது நாஃப்ராக்ஸ் என்ற பிசின், 1.73 பக்கத்தில் இருக்கும். விலை கடுப்பேற்றும், வரவழைக்க நாளாகும். ஆனால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு சொட்டுதான், சின்ன பாட்டில் ஒன்று நூற்றுக்கணக்கான ஸ்லைடுக்கு வரும். அது வரும் வரைக்கும் ஒரு வழி: கவர் கிளாஸில் காய்ந்த ஓடுகளைக் கவிழ்த்து, ஓரத்தை மட்டும் நகப்பூச்சால் ஒட்டி, உள்ளே காற்று இருக்கும்படி பாருங்கள். காற்றின் எண் 1 என்பதால் ஓடு பளிச்சென்று தெரியும். சுத்தம் ஆகியிருக்கிறதா, அடர்த்தி சரியா என்று பார்க்க இது போதும். இனம் பிரிக்கப் போதாது. நடுவில் காற்று இருப்பதால் எண்ணெய் லென்சின் முழுத் திறனும் கிடைக்காது.

அடுத்து லென்சு. நிட்சியா பாலியாவின் குறுக்குக் கோடுகள் 10 மைக்ரானுக்கு 28 முதல் 40 வரை, அதாவது கோட்டுக்குக் கோடு 0.25 முதல் 0.36 மைக்ரான். 0.65 துளை எண் (லென்சு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறனின் அளவு) உள்ள 40 லென்சு பச்சை வெளிச்சத்தில் பிரித்துக் காட்டுவது 0.5 மைக்ரான் வரைதான். 1.25 உள்ள 100 எண்ணெய் லென்சு 0.27 வரை போகும். ஆகவே 40-ல் பார்த்து இனம் சொல்ல வழியே இல்லை. 100-லும் பாலியாவின் கோடுகள் சில ஓடுகளில் தெரியும், சிலவற்றில் தெரியாது. அதன் ஓர விளிம்பில் பல் வரிசை மாதிரி இருக்கும் முட்டுகள் (10 மைக்ரானுக்கு 9 முதல் 17) கட்டாயம் தெரியும், அதை எண்ணுங்கள். எண்ணெயை மேலே மட்டும் விட்டால் பாதிப் பலன்தான், கண்டன்சருக்கும் (ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்சு) ஸ்லைடுக்கும் நடுவிலும் ஒரு சொட்டு விடவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, பிறகு மைக்ரோஸ்கோப்பைத் திட்டுவார்கள்.

படிகம். கட்டம் கட்டமாக இருப்பது சாப்பாட்டு உப்பு, சரியாக அலசாத குறை. ஊசி ஊசியாக இருப்பது பெரும்பாலும் ஜிப்சம். சாயப்பட்டறையில் சோடியம் குளோரைடும் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டும் மூட்டை மூட்டையாகப் போகும். அந்தச் சல்பேட்டும் நம்மூர்த் தண்ணீரின் கால்சியமும் காயும்போது சேர்ந்தால் ஊசி. போதாக்குறைக்கு நீங்கள் அலசியதே போர் தண்ணீரில். கொங்குப் பகுதி போர் தண்ணீரில் அலசுவது, உப்பை எடுக்க உப்பைப் போடுகிற வேலை. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். 10 மி.லி. மாதிரியை நன்றாகக் குலுக்கி 250 மி.லி. உயரப் பீக்கரில் ஊற்றி, முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, நுரைப்பது நிற்கும் வரை விடுங்கள், சுண்ணாம்பு போய்விடும். சல்பியூரிக் அமிலம் வேண்டாம், கால்சியம் இருக்கும் இடத்தில் அதுவே ஜிப்சத்தை உண்டாக்கும். இரண்டு முறை அலசிவிட்டு, 30 சதவீதப் பெராக்சைடு 20 மி.லி. மருந்துக்கடையில் கிடைப்பது 6 சதவீதம், புண் கழுவத்தான் ஆகும். ஒரே மூச்சில் ஊற்றினால் கழிவுநீர்ச் சேறு பொங்கி வழிந்து கையைப் பொசுக்கும், 2 மி.லி. வீதம், குளிர்ந்த நிலையில், நுரை அடங்கிய பிறகு அடுத்தது. பிறகு ஹாட் பிளேட்டில் 90 டிகிரி, சேறு வெளிறும் வரை; வழக்கமாக ஒன்று முதல் மூன்று மணி நேரம். வற்றினால் பெராக்சைடு சேர்த்துக்கொள்ளுங்கள், வறண்டு போக விடாதீர்கள். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. மூடி போட்ட குழாயில் பெராக்சைடு மாதிரியை வைத்தால் வெடிக்கும்.

அலசலில் இன்னொரு பிழையும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தெளியவிட்டுக் கொட்டினால் பெரிய ஓடுகள்தான் அடியில் இருக்கும். 5, 10 மைக்ரான் சின்ன ஓடுகள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும், மேல் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். கழிவுநீரை அடையாளம் காட்டுகிற இனங்களில் பாதி இந்தச் சின்ன உருவங்கள்தான். 24 மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். ஐந்து முறை. மையச்சுழற்சி இயந்திரம் இருந்தால் 1500 சுற்றில் 10 நிமிடம். அதற்கு மேல் வேகம் வைத்தால் நீளமான ஓடுகள் உடையும். கடைசி அலசல் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள், பால் மாதிரி கலங்கினால் குளோரைடு இன்னும் போகவில்லை.

ஸ்லைடு போடும்போது: லேசாகக் கலங்கிய கரைசல் அரை மி.லி. கவர் கிளாஸ் மேல், அறை வெப்பத்தில் ராத்திரி முழுக்க மூடி வைத்துக் காயட்டும். ஹாட் பிளேட்டில் காய வைத்தால் ஓடுகள் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாகிவிடும். கட்டியாகத் திரண்டால் 10 சதவீத அம்மோனியம் குளோரைடு ஒரு சொட்டு சேர்த்தால் பிரியும். 1000 மடங்கில் ஒரு பார்வை வட்டத்துக்கு 5 முதல் 15 ஓடு வந்தால் அடர்த்தி சரி. நாஃப்ராக்ஸில் டொலுவீன் இருக்கிறது, சூடாக்கிக் குமிழி அடங்கும் வரை புகைக்கூண்டுக்குள் வையுங்கள்.

மடைக்காரன்

ஏனுங்க, சேத்தை மட்டும் எடுத்துப்போடாதீங்க. கல்லுமேல ஒட்டி வளர்ற கூட்டம் வேற, சேத்துமேல ஊர்ந்து திரியற கூட்டம் வேற. மேல கல்லு, கீழ சேறுன்னு எடுத்து ஒப்பிட்டா, தண்ணியோட வித்தியாசமா எடத்தோட வித்தியாசமான்னு பிரிக்கவே முடியாது. இன்னொண்ணு, ஒரத்துப்பாளையம் அணை 1992-ல கட்டினது. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள மூடச் சொல்றதுக்கு முன்ன வந்த கழிவு நெறைய அங்கதான் தேங்குச்சு. சிலிக்கா ஓடு லேசுல அழியாது. அந்த வண்டல நோண்டினா, பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்ன செத்த ஓட்டையும் இன்னிக்கு வளந்ததையும் ஒண்ணா எண்ணிப்போட்டு நிப்பீங்க. கொதிக்க வெச்சதுக்கப்பறம் செத்தது எது உசுரோட இருந்தது எதுன்னு ஆராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் கொதிக்க வெக்கறதுக்கு முன்ன ஒரு சொட்டுப் பச்சையாப் பாக்கோணும். உள்ள பழுப்பு மஞ்சளா பசைக்கட்டி இருந்தா உசுருள்ளது, காலி ஓடா இருந்தா செத்தது. காலி ஓடு பாதிக்கு மேல இருந்தா அந்த மாதிரிய ஒதுக்கிருங்க.

கல்லு இல்லாத எடத்துக்கு வீட்டு ஓடு இருக்குதுல்லீங்க, மெருகு போடாத செவப்பு மண் ஓடு, அத உள்ளங்கை அகலத்துக்கு ஒடச்சு கம்பிக் கூடையில அஞ்சாறு துண்டு நிறுத்தி வெச்சுக் கட்டி உடுங்க. படுக்க வெச்சா வண்டல் மூடிரும், அதனால செங்குத்தா நிக்கோணும். தண்ணி மட்டத்துக்கு 15, 20 செ.மீ. கீழ. நாலு வாரம். ரெண்டு வாரத்துல எடுத்தா மொதல்ல ஓடியாந்து ஒட்டற இனம் மட்டுந்தான் இருக்கும். புது காங்கிரீட்டுல எடுக்காதீங்க, சுண்ணாம்பு கசிஞ்சு காரத்தன்மை ஏறிக் கெடக்கும். பழைய பாலத்துத் தூண்ல தண்ணிக்குள்ள எப்பவும் முங்கியிருக்கற பக்கம்னா பரவால்லை. ஆகாயத்தாமரை வேர்ல எடுக்கற பழக்கமும் இருக்குது, ஆனா அப்படின்னா மூணு எடத்துலயும் வேர்லதான் எடுக்கோணும். மேல ஓடைல தாமரைக்கு எங்க போவீங்க? அதனால மேலயும் கீழயும் ஒரே மாதிரி ஓட்டுத்துண்டு கட்டறதுதான் ஒழுங்கு. கூடைய எங்க கட்டறீங்கன்னு வெளிய தெரியாமப் பாத்துக்கங்க; பளபளன்னு கம்பி தெரிஞ்சா மீன் புடிக்கறவங்க எடுத்துப்போட்டுப் போயிருவாங்க. மூணு கூடை கட்டினா ஒண்ணு மிஞ்சும்னு வெச்சுக்கங்க.

கல்லு இருக்கற எடத்துல: கைமுட்டி அளவு கல்லு அஞ்சாவது வேணும், பத்து எடுத்தா நல்லது. ஓடற தண்ணியில, முழங்காலுக்குக் கீழ ஆழத்துல, மர நெழல் உழுகாத எடமாப் பாத்து. கரையோரத்துக் கல்லு வேண்டாம், போன வாரம் காஞ்சு கெடந்துருக்கும். ஆத்துத் தண்ணியிலயே லேசா ஒரு ஆட்டு ஆட்டுனா மேல ஒக்காந்திருக்கற வண்டல் போயிரும். அப்பறம் வெள்ளைத் தட்டுல 50 மி.லி. ஆத்துத் தண்ணி வெச்சுக் கல்லோட மேல்பக்கத்த மட்டும் தேய்க்கோணும். ஒவ்வொரு எடத்துக்கும் புது பிரஷ். இது கஞ்சத்தனம் பாக்கற எடமே இல்லை. பிரஷ் மயிர்ல மாட்டுன ஓடு எத்தன தடவ கழுவினாலும் போகாது, சூலூர்ப் பாசி சித்திரைச்சாவடியில வந்து நிக்கும்.

மாதிரி கெடாம இருக்க லூகால் அயோடின் கரைசல், கடுங்காப்பி ஆகாம வெளிறின டீ நெறத்துக்கு வர்ற வரைக்கும். ஒரு மாசத்துக்கு மேல வெக்கறதுன்னா அயோடின் ஆவியாப் போயிரும், எத்தனால் ஊத்தி வெச்சுக்கங்க. சீட்டை பென்சில்ல எழுதி பாட்டிலுக்குள்ள போடுங்க, பேனா மை சாராயத்துல கரைஞ்சுரும்.

காலம் முக்கியமுங்க. வெள்ளம் வந்து கல்லெல்லாம் உருண்டு தேய்ஞ்சதுக்கப்பறம் மூணு நாலு வாரம் உடோணும். நொய்யலுக்குத் தென்மேற்குப் பருவத்துலயும் தண்ணி வரும், ஐப்பசி கார்த்திகையிலயும் வரும். தை, மாசியில ஓட்டம் நிதானமா இருக்கும், அதான் நல்ல காலம். வைகாசி வரைக்கும் உட்டா மேல் ஆறு காஞ்சுரும், கீழ ஊர்ச் சாக்கடை மட்டுந்தான் ஓடும், ஒப்பிட ஒண்ணுமிருக்காது. பவானியில கொடிவேரிக்குக் கீழ பாக்கறவங்களுக்கு: பவானிசாகர்ல தண்ணி தெறக்கறதும் நிறுத்தறதுமா மட்டம் ஏறி எறங்கும், முந்தின நாலு வாரத்துத் தெறப்பு விவரத்தக் குறிச்சுக்கங்க. காலிங்கராயன் வாய்க்கால்ல மராமத்துக்கு அடைச்சு மறுபடி உட்ட மொத மாசம் எடுக்கவே எடுக்காதீங்க.

சூலூர் மாதிரியில ஒரு எச்சரிக்கை. கோயமுத்தூர்க் கொளமெல்லாம் நொய்யல்ல இருந்து தண்ணி வாங்கித் திரும்ப ஆத்துல உடறது. கொளத்துல மெதக்கற சைக்ளோடெல்லா, ஆலகோசைரா அப்படியே வந்து கல்லுமேல ஒக்காந்துக்கும். அது ஆத்துல வளந்ததில்லை.

நானூறு வால்வு

பால்மர் குழப்பத்துக்கு வருகிறேன். 1969-ல் வந்த அந்தப் பட்டியல் பேரினத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் கரிமக் கழிவு நிச்சயம், 15 முதல் 19 என்றால் இருக்கலாம். உங்கள் கணக்கில் மூன்று கோளாறு. ஒன்று, அது தண்ணீரில் மிதக்கும் பாசிக்கு, ஒரு மி.லி.க்கு 50-க்குக் குறையாமல் இருக்கும் பேரினங்களை மட்டும் சேர்ப்பது. கல்லில் சுரண்டிய சேற்றில் எது இல்லாமல் இருக்கும்? எல்லாம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மார்க் விழும். இரண்டு, நாவிகுலா, நிட்சியா என்ற பேரினங்களுக்குள் ஓடைத் தண்ணீர் இனமும் உண்டு, சாக்கடை இனமும் உண்டு. பேரினத்தோடு நிறுத்தினால் இரண்டும் ஒரே மார்க். மூன்றுதான் உங்கள் ஆற்றுக்கு முக்கியம்: பால்மர் அளப்பது கரிமக் கழிவை. திருப்பூருக்குக் கீழே சிக்கல் கரிமக் கழிவு மட்டுமா? உப்பும்தான். உப்பு ஏறும்போது 5 மார்க் வாங்கும் யூக்ளினா மாதிரிப் பேரினங்கள் சில ஒதுங்கிப்போகும், கூட்டல் குறையும், தண்ணீர் நல்லதாகிவிட்ட மாதிரி தெரியும். 13 என்பது அப்படி வந்த எண்ணாக இருக்கலாம்.

ஆகவே டயாட்டத்தை இனம் வரை பிரித்து எண்ணவேண்டும். ஒரு ஸ்லைடுக்கு 400 வால்வு. ஒரு ஓட்டுக்கு இரண்டு வால்வு, டப்பாவும் மூடியும் போல. இரண்டும் சேர்ந்தே கிடந்தால் 2 என்று எண்ணுங்கள். உடைந்தவற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால்தான் கணக்கு. பக்கவாட்டில் கிடப்பதை இனம் சொல்ல முடியாது, ஆனால் விட்டுவிட்டால் பக்கவாட்டில் விழும் பழக்கமுள்ள கோம்போனீமா குறைந்துபோகும்; அதே ஸ்லைடில் நேராகக் கிடக்கும் இனங்களின் விகிதத்தில் பிரித்துப் போடுங்கள். ஸ்லைடின் நடுவில் மட்டும் சுற்றாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் போங்கள். ஒரே ஸ்லைடை இருவர் தனித்தனியாக எண்ணி, பிரே கர்ட்டிஸ் ஒற்றுமை (இரண்டு எண்ணிக்கைப் பட்டியல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இருவரும் உட்கார்ந்து மறுபடி பார்க்கவேண்டும். பெரும்பாலும் ஒரு சின்ன நிட்சியாவுக்கு இருவர் இரண்டு பெயர் வைத்திருப்பார்கள்.

கணக்கு முறை 1961-ல் செலிங்கா, மார்வான் இருவர் கொடுத்தது. ஒவ்வொரு இனத்துக்கும் இரண்டு எண்: உணர்திறன் 1 முதல் 5 வரை (5 என்றால் சுத்தத் தண்ணீரில் மட்டும் வாழ்வது), சுட்டு மதிப்பு 1 முதல் 3 வரை (3 என்றால் குறுகிய சூழலில் மட்டும் காணப்படுவது, ஆகவே அதன் சாட்சி வலுவானது). எண்ணிக்கை, உணர்திறன், சுட்டு மதிப்பு மூன்றையும் பெருக்கிக் கூட்டி, எண்ணிக்கை பெருக்கல் சுட்டு மதிப்பின் கூட்டலால் வகுக்கவேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: 200 வால்வு (உணர்திறன் 1, சுட்டு 3), 120 வால்வு (5, 1), 80 வால்வு (2, 1). மேலே 600 + 600 + 160 = 1360. கீழே 600 + 120 + 80 = 800. விடை 1.7. இதை 20-க்கு மாற்ற 4.75-ஆல் பெருக்கி 3.75 கழித்தால் 4.3. சுட்டு மதிப்பைப் போடாமல் வெறும் சராசரி எடுத்தால் 2.4, அதாவது 20-க்கு 7.65. எங்கும் திரியும் இனமும் சாக்கடையை விட்டு நகராத இனமும் ஒரே எடை பெற்றால் எண் எவ்வளவு ஏறுகிறது பாருங்கள்.

இனி எச்சரிக்கை. இந்த மதிப்புகள் ஐரோப்பிய ஆறுகளில் இருந்து வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் அந்தப் பட்டியலிலேயே இல்லாத இனங்கள் உண்டு; அவற்றைத் தூக்கிவிட்டு மீதியில் கணக்குப் போடுகிறது மென்பொருள். 400-ல் எத்தனை வால்வு கணக்குக்கு வெளியே போனது என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். நூறு வெளியே போயிருந்தால் அந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். ஐரோப்பியப் படத்தைப் பார்த்து ‘கிட்டத்தட்ட இதுதான்’ என்று பெயர் ஒட்டுவது அதைவிட மோசம். பெயர் தெரியாததற்கு எண் போட்டு, படம் எடுத்து, நீளம், அகலம், 10 மைக்ரானுக்குக் கோடு எத்தனை என்று அளவு எழுதி வைத்தால் போதும்.

நொய்யலுக்கு என் யோசனை, ஒரே எண்ணாகச் சுருக்காமல் இரண்டு தனிக் கணக்கு வைத்துக்கொள்வது. ஒன்று கழிவுநீர்க் கூட்டம்: நிட்சியா பாலியா, கோம்போனீமா பார்வுலம், செல்லாஃபோரா செமினுலம் போன்றவை 400-ல் எத்தனை சதவீதம். மற்றது உப்புக் கூட்டம்: பாசில்லேரியா பாக்சிலிஃபெரா, டாபுலேரியா ஃபாசிகுலேட்டா, ஹாலம்ஃபோரா காஃபியாஃபார்மிஸ், ப்ளூரோசைரா லேவிஸ். கழிமுகத்தில் பார்க்கவேண்டிய ஆட்கள் இவர்கள். கடலுக்கு இத்தனை தூரத்தில் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தால் யாரோ உப்பு கொட்டுகிறார்கள் என்று பொருள். சைக்ளோடெல்லா மெனகினியானா இரண்டு கூட்டத்திலும் கால் வைக்கும், அதைத் தனியாக எழுதுங்கள்.

உப்புப் பிரிவுக்கு 1994-ல் வான் டாம் குழுவினர் வகுத்த எல்லைகள் கைகொடுக்கும்: குளோரைடு லிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழ் நன்னீர், 500 வரை நன்னீரும் உவர்ப்பும் கலந்தது, 500 முதல் 1000 வரை உவர்ப்பு மேலோங்கியது, 1000 முதல் 5000 வரை உவர்நீர். அந்தக் கடைசிப் பிரிவின் தொடக்கம் மொத்த உப்பில் லிட்டருக்கு 1.8 கிராம். ஆற்றில் விடும் சாயக்கழிவுக்கு வைத்த டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) வரம்பு லிட்டருக்கு 2100 மி.கி., அதாவது 2.1 கிராம். டிடிஎஸ்ஸில் பைகார்பனேட்டும் சல்பேட்டும் அடக்கம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கலக்க நல்ல தண்ணீர் ஓடாத கோடைக்காலத்தில், அந்த வரம்புக்குள் இருக்கும் தண்ணீரும் டயாட்டத்தின் பார்வையில் உவர்நீர்ப் பக்கம்தான் சாயும்.

சாவடிப்பாலம்

ரொம்ப நன்றிங்க. டிபிஎக்ஸ் பாட்டிலை எடுத்து வெச்சாச்சு. 100 எண்ணெய் லென்சு இருக்குது. ஆனா கூட வர்ற பசங்க பள்ளிக்கூடப் பசங்க, இனம் வரைக்கும் பிரிக்க நாளாகும். அதுவரைக்கும் பேரினத்த வெச்சு உருப்படியா ஏதாச்சும் சொல்ல முடியுமுங்களா?

நானூறு வால்வு

முடியும், மிதக்கும் பாசி மார்க்கை விட்டு விகிதம் பாருங்கள். தைவானின் கீலுங் ஆற்றுக்கு 1999-ல் வந்த முறை எளியது: அக்னாந்தஸ், காக்கோனிஸ், சிம்பெல்லா மூன்றின் எண்ணிக்கையைக் கூட்டி, சைக்ளோடெல்லா, மெலோசைரா, நிட்சியா மூன்றின் கூட்டலால் வகுப்பது. அந்தக் காலத்து அக்னாந்தஸ் இப்போது அக்னாந்திடியம், பிளானோதிடியம் என்று பிரிந்துகிடக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றின் ஒரே இடத்தை மாதாமாதம் ஒப்பிட இது நன்றாக உதவும். வேறு வேறு இடத்தை ஒப்பிடும்போது மடைக்காரன் சொன்ன குளத்து சைக்ளோடெல்லா கீழ்க்கூட்டலை ஏற்றிவிடும், சூலூரில் எண் தேவைக்கு மேல் மோசமாகக் காட்டும்.

இதோடு நாவிகுலா, நிட்சியா, சூரிரெல்லா மூன்றின் சதவீதத்தையும் போடச் சொல்லுங்கள். ஊர்ந்து நகரும் பேரினங்கள் இவை, வண்டல் மூடினாலும் மேலே ஏறி வந்துவிடும். மணல் அள்ளும் இடத்துக்குக் கீழே இது தாவி ஏறும்.

மடைக்காரன்

விகிதத்துல ஒரு கண்ணி இருக்குதுங்க. வெள்ளம் போன ஒடனே காலிக் கல்லுல மொதல்ல வந்து ஒட்டறது அக்னாந்திடியம் மினுட்டிசிமம். மேல்கூட்டல் எகிறும், தண்ணி பிரமாதம்னு வரும். அது தண்ணியோட சுத்தமில்லீங்க, கல்லு புதுசுங்கறதோட அடையாளம். ஏதாச்சும் நஞ்சு வந்து மத்ததெல்லாம் செத்த எடத்துலயும் அதே சங்கதிதான் நடக்கும். ஒரே இனம் முக்காவாசி இருந்தா, எந்த இனமா இருந்தாலும், சந்தேகப்படோணும்.

கண்ணாடித்துண்டு

கோணல் மாணலான ஓடு பற்றி யாரும் சொல்லவில்லை. நடுக்கோடு வளைந்து, இடுப்பு ஒரு பக்கம் மடங்கி வரும் ஓடுகளைத் தனிப் பத்தியில் எண்ணுங்கள். முலாம் பூசும் பட்டறை, உலோகக் கழிவு இருக்கும் இடத்தில் இவை கூடும். ஆனால் சிலிக்கா பற்றாக்குறையிலும், ஆய்வகக் குப்பியில் ரொம்ப நாள் நெருக்கி வளர்ந்தாலும் கோணல் வரும். 400-ல் ஒன்றிரண்டு எல்லா இடத்திலும் உண்டு. சதவீதம் ஏறினால் அந்தத் தண்ணீரை உலோகச் சோதனைக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். கோணல் ஓட்டைக் காட்டி குரோமியம் என்று எழுதிவிடாதீர்கள்.

டயாட்டம் காட்டுவது முந்தின சில வாரங்களின் சராசரி என்பதையும் பசங்களுக்குச் சொல்லிவிடுங்கள். ராத்திரி மழையோடு மழையாக ஒரு தொட்டியைத் திறந்துவிட்டால், அதைப் பிடிக்க இது சரிப்படாது. அதற்கு டிடிஎஸ் மீட்டரை மணிக்கொரு தரம் பதிவு செய்யும்படி வைக்கவேண்டும். மாதிரி எடுக்கிற நாளிலும் டிடிஎஸ், பிஎச், வெப்பநிலை மூன்றையும் அதே இடத்தில் எழுதாமல் வந்தால், பிறகு உப்புக் கூட்டத்தை எதோடு வைத்துப் பார்ப்பீர்கள்?

சாவடிப்பாலம்

சரிங்க. தை மாசத்துக்கு ஓட்டுத்துண்டு கட்டிர்றோம், மூணு எடத்துலயும். கடைசியா ஒண்ணு: கொதிக்க வெச்சு சுத்தம் பண்ணின மீதிக் கரைசலைக் கொட்டிறலாமுங்களா?

கண்ணாடித்துண்டு

கொட்டாதீர்கள். சின்னக் குப்பியில் எத்தனால் சில சொட்டு விட்டு, பூஞ்சை பிடிக்காமல் மூடி வையுங்கள். நாஃப்ராக்ஸ் ஸ்லைடு பல பத்தாண்டுகள் நிற்கும். கண்ணாடியிலேயே வைர முனையால் இடம், தேதி, மாதிரி எண் கீறிவிடுங்கள். ஒட்டின காகிதம் நம்மூர் வெயிலில் உதிர்ந்துபோகும்.